பைக் மீன் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிற்றாறுகளில் பைக் (pike) மீன், அதாவது குளிர்நாட்டு நன்னீரில் மற்ற மீன்களைத் தின்று வாழும் நீண்ட மீன், பிடிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த மீனைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். அதனால் சந்தோஷம்தான். ஆனால் அதில் சொல்லியிருந்த ஒரு யோசனையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தக்கை அமிழ்ந்ததும் அவசரப்படாதீர்கள், மீன் இரையை நன்றாக விழுங்கட்டும், அப்புறம் இழுத்தால் தப்பாது என்று எழுதியிருந்தார்கள். தப்பாதுதான். பிழைக்கவும் பிழைக்காது.

பைக் இரையைக் குறுக்காகத்தான் கவ்வும். பிறகு திருப்பி, இரையின் தலை முன்னால் போகும்படி விழுங்கும். அதற்குள் தூண்டிலைச் சுண்டினால் முள் வாயோரத்தில் மாட்டும். காத்திருந்தால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் போய்விடும். இந்தக் காத்திருக்கும் பழக்கம் முற்காலத்தது. பிடித்த மீனெல்லாம் வீட்டுக்குப் போன காலத்தில் முள் எங்கே மாட்டினால் என்ன என்று இருந்திருக்கலாம். இன்று இரை மீனின் விலாவில் மும்முனை முள்ளைப் பொருத்துகிறோம். தக்கை நகர்ந்த உடனே சுண்டலாம். பத்தில் ஒன்றிரண்டு தவறினால் தவறட்டும்.

நானும் ஆரம்பத்தில் காத்திருந்தவன்தான். கோரை ஓரமாக ஒரு மடுவில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பைக் முள்ளை முழுதாக விழுங்கியிருந்தது. கையில் சின்னக் கொறடுதான் இருந்தது. செவுளிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. தூண்டில் நரம்பை அறுத்து மீனை ஆற்றில் விட்டேன். சற்று நேரத்தில் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்து போனது. அதற்குப் பிறகு அந்த மடுவில் பல மாதங்கள் எனக்கு ஒரு கடி கூட விழவில்லை.

சிற்றாறு என்றால் அப்படித்தான். பெரிய ஏரியில் ஒரு மீன் போனால் தெரியாது. பத்தடி அகல ஓடையில் ஒரு வளைவுக்கு ஒரு பெரிய பைக் இருந்தாலே அதிகம். அதுவும் பெரும்பாலும் பெண் மீன், பெண்தான் பெரிதாக வளரும். வசந்தத்தின் தொடக்கத்தில், வெள்ளத்தில் மூழ்கிய புற்களிலும் நீர்ச்செடிகளிலும் முட்டையிடும். பைக் தன் இனத்தையே தின்னும் மீன். பெரியதை எடுத்துவிட்டால் அது அடக்கி வைத்திருந்த சின்னச் சின்ன பைக்குகள் பெருகும். பெரியதை ஒழித்தால் மற்ற மீன்கள் தழைக்கும் என்று நம்பி எடுத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆறுகளில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பைக் மட்டுமே எடுத்துச் செல்லலாம், அதுவும் 65 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் பைக்குக்குத் தூண்டில் போடவே தடை. பெரிய மீனைக் காப்பதுதான் சரியான வழி என்று எனக்கும் படுகிறது.

மீன் எங்கே நிற்கும் என்று கட்டுரையாளர் எழுதிய பகுதி அருமை. விழுந்த மரத்தின் பின்புறம், பாலத் தூணின் நிழல், மதகுக்குக் கீழே சுழி, கரை குடைந்த இடம், எல்லாம் சரி. விரால் தேடிய கண்ணுக்கு இது புதிதல்ல. முதுகுத் துடுப்பு வால் பக்கம் ஒதுங்கியிருப்பதால் பைக்கால் நின்ற இடத்திலிருந்தே அம்பு மாதிரி பாய முடியும். நீண்ட தூரம் துரத்தாது. அதனால் நாம்தான் நடக்க வேண்டும். கொக்கு மாதிரி ஒரே இடத்தில் நிற்காமல், ஒரு இடத்தில் நான்கைந்து வீச்சு, பிறகு அடுத்த வளைவு. ஆறு கலங்கி ஓடும் நாளில் வீட்டில் இருக்கலாம். கலங்கல் தெளிந்து நீர் பச்சையாகத் தொடங்கும் நாள்தான் நாள். பெருக்கிலிருந்து ஒதுங்கிக் கரையோரத் தேக்கங்களுக்கு வந்த மீன்கள் அப்போது காலடியிலேயே நிற்கும். அதனால் முதல் வீச்சைக் கரையை ஒட்டியே போடுங்கள். இது என் அனுபவம்.

இன்னொன்று, கட்டுரையில் எஃகுக் கம்பி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பைக்கின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள். சாதாரண நைலான் நரம்பு எளிதில் அறுபடும். அறுந்தால் முள்ளோடு மீன் போய்விடும். முள்ளுக்கு மேலே 45 செ.மீ. அளவுக்காவது கம்பி இல்லாமல் பைக்குக்குத் தூண்டில் போடவே கூடாது.

முள்ளை எடுப்பது பற்றியும் எழுதியிருக்கலாம். 30 செ.மீ. நீளக் கொறடு ஒன்று, முள்ளை வெட்டும் கருவி ஒன்று, மீனைக் கிடத்த நனைத்த விரிப்பு ஒன்று, இவை தூண்டிலுக்கு முன்பே வாங்க வேண்டியவை. முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை, கொறடால் நசுக்கிவிடுங்கள், வேலை பாதியாகும். மீனை விரிப்பில் கிடத்தி, செவுள் மூடிக்குள் தாடை எலும்பை ஒட்டி விரலை நுழைத்து, சிவந்த செவுளைத் தொடாமல் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். பல் பெரிதாகத் தெரிவதால் புதியவர்கள் பயந்து மீனைக் கீழே போட்டுவிடுகிறார்கள். முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகைப்படம் எடுப்பதானால் கேமரா தயாரான பிறகு மீனைத் தூக்குங்கள். விடும்போது அது தானாக நீந்தும்வரை தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்திருங்கள்.

கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நான் பைக் தேடிப் போவதில்லை. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடலாம்.

அடுத்த இதழில் அந்த ஒரு யோசனைக்காவது திருத்தம் வெளியிடுங்கள். குளிர்காலம் தொடங்குவதற்குள் வந்துவிட்டால் நல்லது. செடிகள் மடிந்து ஆறு திறந்துகொள்வது அப்போதுதான். கட்டுரையைப் படித்துவிட்டுப் புதிதாகத் தூண்டில் வாங்கியவர்களும் அப்போதுதான் கரைக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்