சரசுவுக்கு, செவலையைப் பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. தாராபுரத்தில் வாங்கியிருக்கும் இரண்டு கலப்பினப் பசுக்களுக்கும் பால் கூட்டும் பொடி எது நல்லது என்று கேட்டிருந்தாய். முதலில் எங்கள் பசு செவலை பட்ட பாட்டைக் கேள்.

மாசியில் கன்று ஈன்றாள். வேளைக்கு ஏழு லிட்டர் கறந்தாள். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. தவிடும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தைக் கூட்டினேன், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கஞ்சியாக்கி ஊற்றினேன், வைக்கோலைக் குறைத்துவிட்டேன். இரண்டு நாள் பால் கூடியது. அந்த வாரம் முடிவதற்குள் பால் சொசைட்டிச் சீட்டில் 3.9 சதவீதம் இருந்த கொழுப்பு 2.8 ஆனது. சாணம் தண்ணீராகப் போனது. அசை போடாமல் தலை தொங்கி நின்றவளைப் பார்த்து அடிவயிறு கலங்கிவிட்டது. 2024-இல் கொல்லம் பக்கம் புரோட்டாவும் பலாப்பழமும் தின்று ஐந்து பசுக்கள் செத்த செய்திதான் நினைவுக்கு வந்தது.

சோறும் மாவும் மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் சீக்கிரம் புளித்து அமிலமாகிவிடும் என்றார் மருத்துவர். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில் மடிந்துபோகும். பாலில் கொழுப்பு சேர்வதோ அந்த நாரால்தான். அவர் சொன்ன இன்னொன்றை நான் மறக்கவே மாட்டேன். அசை போடப் போட ஒரு பசுவுக்கு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் ஊறுமாம். அமிலத்தை அடக்கும் சோடா உப்பு அந்த எச்சிலிலேயே இருக்கிறது! நாம் பாக்கெட்டில் வாங்குவது அதற்குத் துணை மட்டும்தான்.

கஞ்சியை நிறுத்தினேன். வைக்கோலும் சோளத்தட்டும் பழையபடி தொட்டிக்கு வந்தன. கோ 5 என்ற தீவனப் புல்லைப் பொடியாக்காமல் இரண்டு விரற்கடைக்கு நறுக்கிப் போட்டேன். அடர்தீவனம் நாளுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதன்மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. அதையும் மூன்று வேளையாகப் பிரித்தேன். மூன்று வாரத்தில் கொழுப்பு 3.8.

தாது உப்பை மட்டும் விட்டுவிடாதே. நாளுக்கு 50 கிராம் போதும். லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து பாலோடு போகிறது, தவிட்டில் அது சொற்பம். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தொடவே தொடாதே. அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்; உன் பேத்தி குடிக்கும் பால்.

பொடி வாங்குமுன், இன்று இரவு பத்து மணிக்குத் தொழுவத்துக்குப் போய்ப் பார். படுத்திருக்கும் இரண்டும் அசை போடுகின்றனவா என்று எழுது.

உன்,
வள்ளி