கெத்தாம் தீவுக்கு அம்மாவோட போயிட்டு வந்தேன்

என் அருமைக் கூட்டாளிக்கு,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காதடி, எழுதறதுக்கு விஷயம் ஒண்ணு நடக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன், இப்ப நடந்திருச்சு. மொதல்ல உன் முட்டி எப்படி இருக்கு? ஆப்பரேஷன் முடிஞ்சு ஆறே மாசத்துல உங்க பினாங்கு பக்கத்துல இருக்கற ஜெரஜாக் தீவுல மல ஏறியிருக்கேன்னு எழுதியிருந்தியே, படிச்சுட்டு எனக்குக் கோவமும் வந்துச்சு, சந்தோஷமும் வந்துச்சு. எறங்கும்போதுதான் முட்டிக்குச் சிரமம், ஏறும்போது இல்ல, ஞாபகம் வச்சுக்க. முப்பது வருஷம் கிளினிக்ல நர்ஸா இருந்தவ சொல்றேன், கேளு.

உன் கடுதாசிய அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன். அந்தக் காலத்துல மலாயாவுக்குக் கப்பல்ல வந்த நம்ம ஆளுங்கள நோய் நொடி இருக்கான்னு பாக்க ஜெரஜாக்லதான தனியா வச்சாங்க, அதுக்குப் பின்னாடி 1969லேர்ந்து 1993 வரைக்கும் அதே தீவு ஜெயிலா இருந்துச்சுன்னு நீ எழுதின எடத்துல அம்மா கைய காட்டி நிறுத்தச் சொன்னாங்க. "எங்கப்பாவையும் அங்கதாண்டி எறக்கினாங்க, ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தாரு, உடுத்தியிருந்த துணிய கழட்டச் சொல்லி மருந்து தெளிச்சாங்களாம்"னாங்க. 1938ல இந்தியாவுலேர்ந்து கூலி ஆள அனுப்பறதுக்குத் தடை போட்டாங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தவரு தாத்தா. எனக்கு இத்தன வயசாச்சு, இந்தத் துணி விஷயம் இதுவரைக்கும் தெரியாதுடி. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "தீவுன்னா எனக்கும் ஒரு தீவு இருந்துச்சுல்ல"ன்னாங்க பாரு, எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

அம்மா பொறந்தது கேரித் தீவு தோட்டத்துல, உனக்குத்தான் தெரியுமே. அங்க போலாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. அவங்க இருந்த லயத்த, அதான் கூலி ஆளுங்க வரிசை வீட்ட, இடிச்சாச்சு, இப்ப பாலம் இருக்கு, கார்லயே போயி நண்டு சாப்ட்டுட்டு வர்றாங்க, "நான் பொறந்த எடத்துல நான் தெரியாத ஆளா நிக்கணுமா"ன்னு கேட்டாங்க. அப்பதான் கெத்தாம் தீவு நெனப்பு வந்துச்சு. போர்ட் கிள்ளானுக்கு எதிர கடல்ல இருக்கு, அதே சேறு, சேத்துல வேரூணி நிக்கிற அதே பக்காவ் மரம் (அலையாத்தி மரம்), போட்டுலதான் போயாகணும். கோலாலம்பூர்லேர்ந்து காலையில போயி சாயங்காலம் வந்துரலாம். கிள்ளான்ல படிச்சு வளந்தோம், போர்ட்டுக்கு எத்தன தடவ போயிருப்போம், நீயும் நானும் ஒரு தடவகூட அந்த போட்டுல ஏறுனதில்ல பாத்தியா. நம்ம வீட்டுல வெளிய கெளம்புறதுன்னா ஒண்ணு பத்துமலை, இல்லாட்டி சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். வயசானதுக்கு அப்புறம் அதுகூட இல்ல, கோயிலும் ஆஸ்பத்திரியும் மட்டும்தான். அம்மாவ நான் அப்படித்தான் வச்சிருந்தேன், எழுதும்போதே மனசு வலிக்குது.

புதன்கிழமை போனோம், கூட்டம் இருக்காதுன்னு. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல காலையில கொம்யூட்டர் ரயில் ஏறி லேடீஸ் கோச்சுல உக்காந்தோம், அறுபதுக்கு மேலன்னா டிக்கெட் பாதி வெலதான். கிள்ளான் ஸ்டேஷன் தாண்டுனதும் அம்மா ஒவ்வொரு பேரா முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க, தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தம், கடைசியா பெலாபுஹான் கிள்ளான், அதான் போர்ட் கிள்ளான். எறங்கி கொஞ்ச தூரம் நடந்தா ஜெட்டி, டாக்சி கீக்சி ஒண்ணும் தேவையில்ல. ஆனா வெயிலுடி! ஜூன் மாசத்து வெயிலு மண்டைய பொளந்துச்சு, கொடைய விரிச்சு அம்மாவுக்குப் புடிச்சுக்கிட்டே போனேன்.

போட்டு நீட்டமா சுத்தி அடைச்சு ஏர்கான் போட்டது, உள்ள குளுரு தாங்கல. அம்மா பின்னாடி தொறந்த எடத்துல உக்காரணும்னு கேட்டாங்க, போட்டுக்காரரு பாத்துட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்துப் போட்டாரு. கிரேனு, கண்டெய்னர் கப்பல் எல்லாம் ஒரு பக்கம் பின்னால போயிக்கிட்டே இருக்கு, கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் பக்காவ் காடுதான். அப்ப அம்மாகிட்ட இந்தத் துறைமுகக் கதைய சொன்னேன். அந்தக் காலத்துல போர்ட் சுவெட்டன்ஹாம்னு பேரு, 1972லதான் போர்ட் கிள்ளான்னு மாத்துனாங்க. 1901ல தொறந்த கையோட மலேரியா வந்து வேலக்காரங்க கொத்துக் கொத்தா விழுந்தாங்க, துறைமுகத்தையே மூடற நெலமைக்கு வந்துருச்சு, அப்ப கிள்ளான்ல இருந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புத் தண்ணிய வடிச்சு காடு வெட்டிப் பள்ளத்த மேடாக்குனாத்தான் கொசு அடங்கும்னு சொல்லி செஞ்சும் காட்டுனாரு. டிரெய்னிங்ல படிச்ச பாடம். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த மண்ண யாரு சொமந்தா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. நான் படிச்ச பாடத்துல அது இல்லடி.

முக்கா மணி நேரத்துல போயிச் சேந்துட்டோம். தண்ணி வத்துன நேரம், அதனால வீடுங்கெல்லாம் கால நீட்டிக்கிட்டு சேத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஊரு மொத்தமும் கம்பத்து மேலதான், வீடு, கட, சீனப் பள்ளிக்கூடம், கோயிலு, எல்லாம். காரு கெடையாது. குறுகலா செமெண்டுப் பாத, சில எடத்துல பலகதான், அதுல சைக்கிளும் கரண்டு சைக்கிளும் போகும். ஜனங்க பெரும்பாலும் தியோச்சியூ, ஹொக்கியன் சீனருங்க, மீன் புடிக்கிறதுதான் பரம்பரத் தொழிலு, தண்ணியில கூண்டு கட்டி மீனும் வளக்குறாங்க.

எறங்குன உடனே அம்மா குனிஞ்சு பாலத்துக்குக் கீழ பாத்தாங்க. பாத்தா சேத்துல பெலாச்சாக். தெரியும்ல, கண்ணு ரெண்டும் தலைக்கு மேல துருத்திக்கிட்டு, துடுப்ப காலு மாதிரி ஊணி ஊணி நடக்குமே அந்த மீனு. ஒண்ணு முதுகுல இருக்கற செட்டைய கொடி மாதிரி விரிச்சுக்கிட்டு துள்ளுது, பக்கத்துல இன்னொண்ணு வாயப் பொளந்துக்கிட்டு சண்டைக்கு நிக்குது, ரெண்டும் சேறு பூசி பளபளன்னு இருக்கு. அம்மா கைப்பிடிய புடிச்சுக்கிட்டு சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாங்க. தோட்டத்துல இத புடிக்கப் போயி தொட வரைக்கும் சேத்துல மாட்டிக்கிட்டு, அந்தத் தீவோட பூர்வகுடி மா மெரி ஆளு ஒருத்தரு பலகையப் போட்டு இழுத்து வெளிய எடுத்தாராம், வீட்டுக்கு வந்து அடி வேற வாங்குனாங்களாம். அப்புறம் ஒண்ணு ஒண்ணா வருது கத. அம்மாவுக்கு மறதி வந்துருச்சுன்னுதான் நான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். சேத்து வாசம் பட்டதும் எல்லாம் திரும்பி வந்துருச்சு. நான் வாய மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டே பின்னால நடந்தேன்.

காரு இல்லாத ஊருல அம்மா எப்படி நடந்தாங்கன்னு நீ பாத்திருக்கணும். கேஎல்ல ரோட்டத் தாண்டணும்னா என் கைய நசுக்கிருவாங்க, கைப்பைய நெஞ்சோட அணச்சுக்குவாங்க. இங்க கைய வீசிக்கிட்டு முன்னால போறாங்க, சைக்கிள் மணி அடிச்சா ஓரமா நின்னு சிரிக்கிறாங்க. ஒரு பத்து வருஷமா அம்மா முன்னால நடந்து நான் பாத்ததே இல்லடி.

அப்பதான் ஒரு பலகச் சந்துல கால் இடறி ஒரு செருப்பு கீழ சேத்துல விழுந்துருச்சு. நான் பதறிட்டேன். எதிர் வீட்டு வாசல்ல காஞ்ச எறால் ஓடு நீக்கிக்கிட்டு இருந்த சீனப் பாட்டி உள்ளாற ஏதோ சத்தம் போட்டாங்க, ஒரு பையன் நீட்டக் கொக்கிய எடுத்துக்கிட்டு வந்து துழாவுனான், கெடைச்சுச்சு, ஆனா வாரு அறுந்துருச்சு. பாட்டி உள்ள போயி நீலக் கலர்ல ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர கொண்டாந்து போட்டுக்கச் சொன்னாங்க. காசு குடுத்தேன், வாங்கவே இல்ல.

அங்கயே உக்காந்தாச்சு ஒரு மணி நேரம். ரெண்டு பேரும் பேசுனது பசார் மலாய்தான், சந்தையில பேசுற கலப்பு மலாய். பாட்டி அம்மாவ "தங்காச்சி, தங்காச்சி"ன்னு கூப்புடுறாங்க, மலாய்ல நம்ம பொம்பளைங்கள அப்படித்தான அந்தக் காலத்துல சொல்வாங்க, அம்மாவும் அவங்கள அக்கா கணக்கா நெனச்சு பேசுறாங்க. பாட்டிக்கு எண்பத்தி மூணு வயசு. கொழாத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி மழத்தண்ணிய கூரையிலேர்ந்து புடிச்சு சாடியில நெரப்பி வருஷம் பூரா ஓட்டுனாங்களாம், மழ பெய்யலன்னா தண்ணிய அளந்துதான் குடுப்பாங்களாம். அம்மா தோட்டத்துக் கொழாயடி சண்டைய சொன்னாங்க. பேசிக்கிட்டே அம்மாவோட கையும் எறாலுக்குப் போயிருச்சு. பாட்டி சொல்லிக் குடுத்தாங்க: தலப்பக்கத்த பெருவெரலால அமுக்கி, வால லேசா திருகி, ஒரே இழுப்பு, ஓடு முழுசா கழண்டு வரும், அவசரப்பட்டா சத ஒடஞ்சுரும், ஒடஞ்சது வெல போகாது. அம்மாவோட வெரலு வாதத்துல கோணியிருக்குல்ல, அந்த வெரலோட கால் தட்டு உரிச்சுட்டாங்க. பாட்டியோட வெரலும் கோணல்தான். ரெண்டு ஜோடி கையும் ஒரே தட்டுல. போட்டோ எடுக்கத் தோணல எனக்கு, எடுக்காதது நல்லதுன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன்.

மத்தியானம் கம் ஹியோங் நண்டு சாப்ட்டோம், கருவேப்பில, காஞ்ச எறால், மொளகா எல்லாம் போட்டு வறுக்குறது. அம்மா தட்ட மோந்து பாத்து "நம்ம வீட்டு வாசம்ல வருது"ன்னாங்க. வெல கொஞ்சம் கூடதான், பரவால்ல.

எனக்குப் புடிக்காத விஷயமும் ஒண்ணு இருந்துச்சு, அதையும் எழுதிடறேன். வீடுங்களுக்குக் கீழ சேத்துல பிளாஸ்டிக்கு, பையி, போத்தல், ஒரே குப்ப. பாதி கடல் கொண்டாந்து சேக்குறது, மீதி நம்மள மாதிரி வந்துட்டுப் போறவங்க போடுறது. அந்த பெலாச்சாக் ஒரு போத்தல் மூடி மேல ஏறி உக்காந்திருந்துச்சு, அம்மாவுக்குக் காட்டல நான். பக்காவ் வேருலதான் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் வளருது, அந்த வேருல குப்ப மாட்டுனா பாட்டியோட பேரன் எதப் புடிப்பான்? நீ பினாங்குல அந்தக் கடலோரத்துல குப்ப பொறுக்குற கூட்டத்தோட போறேன்னு எழுதியிருந்தியே, அப்ப எனக்கு அது பெருசா படல. இப்ப படுது. நானும் இங்க ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன்.

மூணு மணிக்கு மேல தண்ணி ஏறிருச்சு, காலையில சேறா இருந்த எடமெல்லாம் வீட்டுத் தரைக்குக் கீழ சளக் சளக்னு. திரும்பி வர்ற போட்டுல அம்மா என் தோளுல சாஞ்சு தூங்கிட்டாங்க, கொம்யூட்டர்லயும் தூக்கம்தான், வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேச்சு விட்டேன்.

அந்த நீலச் சிலிப்பரு வாசல்ல இருக்கு. அம்மா கழுவி வெயில்ல காய வச்சிருக்காங்க, திருப்பிக் குடுக்கணுமாம், சும்மா குடுக்கக் கூடாதாம், முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டுப் போகணுமாம். ஆகஸ்ட்ல போலாம்னு சொல்லியிருக்கேன். பட்டர்வொர்த்துலேர்ந்து இடிஎஸ் ரயில் ஏறுனா நேரா சென்ட்ரல், நான் வந்து கூட்டிக்கிறேன், ஒரு ராத்திரி வீட்டுல தங்கிட்டு மறுநாள் காலையில மூணு பேரும் கெளம்பலாம். உனக்கு எந்த வாரம் தோதுன்னு பாத்து சொல்லு, முறுக்குக்கு மாவு அரைக்கணும்.

உன் பழைய கூட்டாளி