டிக்கெட் இல்லாத தொண்டர்கள்: வன்னித் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பணியாற்றும் தொண்டு நிறுவனங்களின் மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அக்கா, உங்கள் பக்கத்தில் ஐந்து தொண்டர்கள் அவசரமாகத் தேவை. துடிப்பான பிள்ளைகளாகப் பாருங்கள்" என்றார் கள உத்தியோகத்தர். போன தடவை நான் அனுப்பிய துடிப்பான பிள்ளை ஏன் இப்போது வருவதில்லை என்று அவர் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பிள்ளை அவள். முத்தையன்கட்டுப் பக்கம் மூன்று நாட்கள் வீடு வீடாகச் சென்று கிணறுகளின் விபரம் எடுத்தாள். ஒட்டுசுட்டான் வரை தனியார் பஸ், அங்கிருந்து உள்ளே போக ஓட்டோ. இரண்டாம் நாள் வேலை முடிய மாலை ஆறரை. இருட்டினால் அந்த வீதியில் யானை நிற்கும் என்பது உங்கள் வாகனச் சாரதிக்கே தெரியும். ஓட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தாள். மூன்று நாளுக்கும் 2,340 ரூபாய். தாயார் கச்சான் விற்றுச் சேர்த்து வைத்திருந்த காசு.

செலவுப் படிவம் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரே வரி: "பற்றுச்சீட்டு இணைக்கப்படவில்லை."

அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்ஸில் டிக்கெட் தருவார்கள். அது எங்கள் நேரத்துக்கு வருவதில்லை. தனியார் பஸ் நடத்துநர் காசை விரலிடுக்கில் செருகிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஓட்டோக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டால் சிரிப்பார். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் முத்திரை குத்திய பில் வாங்கி வரச் சொல்கிறீர்களா? கணக்காய்வு இருக்கிறது, கொடையாளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கணக்காளர் விளக்கினார். விளங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கான ஒரு நாள் பயிற்சியை வவுனியா விடுதி ஒன்றில் மதிய விருந்தோடு நடத்தினீர்கள். அதற்கு பில் இருந்தது, ஆகவே அது சிக்கனம்.

நான் கேட்பது ஒன்றுதான். தொண்டரின் பயணச் செலவை அன்றன்றே கையில் கொடுங்கள். எந்தக் கிராமத்துக்குப் போய்வர எவ்வளவு ஆகும் என்று உங்கள் கள உத்தியோகத்தரே ஒரு பட்டியல் போடலாம். தொண்டர் கையொப்பமிட்டு வாங்கட்டும். அதுவே சான்று.

தொண்டு எங்களுக்கு நீங்கள் வந்து கற்றுத்தந்ததல்ல. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து தங்கிய செட்டிகுளம் முகாம்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோது, சமைக்க வந்தவர் எவரும் விண்ணப்பம் நிரப்பவில்லை. இன்றைய உங்கள் அறிவித்தலைப் பாருங்கள்: சொந்த மோட்டார் சைக்கிள், ஸ்மார்ட்போன், மும்மொழி அறிவு, கொடுப்பனவு இல்லை. இவ்வளவும் உள்ள பிள்ளை எங்கள் ஊரில் இருந்தால் உங்கள் நாற்காலியில் அல்லவா இருப்பாள்? ஐ.நா. பொதுச்சபை 1985 இல் டிசம்பர் 5 ஐத் தொண்டர் தினமாக அறிவித்தாலும் அறிவித்தது, வருடா வருடம் எங்களுக்கு ஒரு தொப்பி கிடைக்கிறது. என் வீட்டில் ஏழு இருக்கின்றன. ஒரு தொப்பியை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: என்ன வேலை, எத்தனை நாள், விபத்து நடந்தால் யாருடன் கதைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுங்கள். அதற்கு நாளாகலாம். பயணச் செலவுக்கு நாளாகத் தேவையில்லை. தயவுசெய்து அன்றன்றே கொடுங்கள்.

நீங்கள் கேட்ட ஐந்து பேரையும் தேடித் தருகிறேன். அதற்கு முன் அந்த 2,340 ரூபாயை யாராவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால்தான் பிள்ளை வீட்டில் இருப்பாள். மற்ற நாட்களில் ஆடைத் தொழிற்சாலை பஸ் காலை ஐந்தரைக்கே சந்திக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதற்கு டிக்கெட் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து,
உங்கள் பழைய தொண்டர் ஒருத்தி