டிலாவியேகாவை விட்டுடாத மச்சான்

மச்சான்,

சனிக்கிழமை சான்டா குரூஸ்ல டிலாவியேகா கோர்ஸ்ல ஆடிட்டுத் திரும்பும்போது ஹைவே 17 முழுக்க நீ ஒரு வார்த்தை பேசல, வண்டிய விட்டு இறங்கும்போது மட்டும் "இனிமே டிஸ்க் கால்ஃபுக்கு என்னைக் கூப்பிடாத"ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.

தப்பு என்னுது. டிஸ்க்கை எறிஞ்சு, செயின் தொங்குற கூடைல விழ வைக்கிற இந்த ஆட்டத்தை மொத தடவை ஆடுறவனை சமதரையா இருக்குற பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு, உன் ஸ்கோர் கெட்டது தூரம் எறிய முடியாம இல்ல, கூடைக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான். அங்க நிறைய கூடை சரிவுல நிக்குது. நீ பதினஞ்சு அடில நின்னு வேகமா போட்ட, டிஸ்க் செயின்ல படாம தாண்டி, விளிம்பு தரைல குத்தி, சைக்கிள் டயர் மாதிரி எழுந்து உருண்டு பள்ளத்துக்கே போயிடுச்சு, அங்கேர்ந்து மேல ஏத்தப் போய் திரும்பவும் உருண்டுச்சு. அங்க மாஸ்டர்ஸ் கப் போட்டி ஆட வந்த ப்ரோக்களுக்கே இது நடந்திருக்குடா. அந்த கோர்ஸ்ல பழகினவங்க சில கூடைக்கு இருபத்தஞ்சு அடில இருந்தாலும் செயினைப் பாக்கவே மாட்டாங்க, கூடைக்கு அடியில தட்டையா உக்கார்ற மாதிரி மெல்லப் போட்டுட்டு அடுத்த த்ரோல முடிச்சுக்குவாங்க. அதுல வெக்கமே இல்ல. அப்புறம் கூடைக்கு 10 மீட்டருக்குள்ள நின்னு போட்டா டிஸ்க் கையை விட்டதும் உடனே முன்னாடி கால் வைக்கக் கூடாது, பேலன்ஸா நின்னு காட்டணும், சரிவுல அதுக்கே தனியா பழகணும்.

27வது ஹோல், டாப் ஆஃப் த வேர்ல்ட், உச்சில நின்னா மான்டரே பே தெரியும், கூடை 500 அடிக்கு மேல தள்ளி கீழ இருக்கும். அங்க நீ பல்லைக் கடிச்சுட்டு எறிஞ்ச. வேணாம். இறக்கத்துல டிஸ்க் ரொம்ப நேரம் காத்துல நிக்கும், வலது கைல பேக்ஹேண்டா (கையை உடம்புக்குக் குறுக்க இழுத்து) எறிஞ்சா வேகம் குறையக் குறைய இடது பக்கமா இழுத்துட்டே போகும், அதனால முக்கால்வாசி பலம் போட்டு வலது பக்கம் குறி வெச்சாலே போதும்.

செயின் கூடையைக் கொண்டு வந்த எட் ஹெட்ரிக் இருந்தது அங்க பக்கத்துல லா செல்வா பீச்லதான் தெரியுமா? 1975ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஓக் குரோவ் பார்க்ல அவர் மொத கோர்ஸ் போட்டப்ப குறி வெறும் கம்பம்தான், செயின் அப்புறம் வந்துச்சு. 2002ல இறந்ததும் அவர் ஆசைப்பட்டபடியே சாம்பலை பிளாஸ்டிக்கோட கலந்து டிஸ்க்கா வார்த்தாங்க. ஒரு விளையாட்டு மேல இவ்ளோ பிரியமான்னு எனக்கு இன்னிக்கும் தொண்டை அடைக்கும்.

நேத்து சாயங்காலம் தனியா போயிருந்தேன். 27ல நீ தொலைச்ச அந்த ஆரஞ்சு டிஸ்க் பாய்சன் ஓக் புதருக்குள்ள கிடந்துச்சு. மூணு மூணு இலையா இருக்குமே, அந்தச் செடி. அதோட எண்ணெய் டிஸ்க்ல ஒட்டினா கையெல்லாம் அரிச்சுத் தள்ளிடும், அதனால பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு மூணு தடவை தேச்சுக் கழுவிட்டேன். பேன்ட் முழுசா போட்டுட்டு வா, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு உன் வீட்டு வாசல்ல இருப்பேன்.