அகராதி ஆப் பண்றவங்களே, 'படி'ய ஒரே வரியில முடிக்காதீங்க

தமிழ் அகராதி ஆப் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

பெங்களூர்ல வளர்ற எங்க அக்கா பொண்ணு போன வாரம் தமிழ் நோட்டுல "மேசை மேல் தூசி படித்தது"னு எழுதியிருந்தா. நான் சிரிச்சுட்டேன். "சித்தி, இதுல அப்படித்தான இருக்கு"னு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு போனை நீட்டுறா, பாத்தா 'படி: படிக்கட்டு, அளவு, நகல், வாசி, தங்கு' அவ்ளோதான். எது பெயர் எது வினைனு கூட இல்ல. பாவம், புள்ள மேல என்ன தப்பு?

படிக்க, படித்து ஒரு வினை. படிய, படிந்து வேற வினை. க்ரியா அகராதில இத அடைப்புக்குறிக்குள்ள தலைச்சொல் பக்கத்துலயே போட்டுடுவாங்க, கூடவே வாக்கியமும் இருக்கும். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன்ல 'படி-தல்' தனி, 'படி-த்தல்' தனி, பக்கத்துல வினை எந்த வகைனு ஒரு நம்பர் வேற. கம்ப்யூட்டர் இல்லாம செஞ்சாங்க இதெல்லாம். உங்களுக்கு இடப்பஞ்சமும் கிடையாது, பேப்பர் செலவும் கிடையாது, அப்புறம் ஏன் அஞ்சு அர்த்தத்தையும் கமா போட்டு ஒரே வரியில அடைக்கணும்?

பெயர்ச்சொல்லும் அப்படித்தான். வாசப்படி, அரிசி அளக்குற படி, சம்பளத்தோட வர்ற பஞ்சப்படி எல்லாத்துக்கும் ஆளுக்கொரு உதாரணம் குடுத்தா என்ன குறைஞ்சிடும்? பஞ்சப்படிய பஞ்சத்துல அளந்து குடுத்த அரிசினு நெனைக்க ஆள் இருக்கு, நானே ஒரு காலத்துல அப்படித்தான் நெனைச்சேன்.

அப்புறம் தேடல். 'வந்தான்'னு போட்டா 'சொல் இல்லை'ங்குது. 'மரத்தை'னு போட்டாலும் அதே. தமிழ் கத்துக்குறவன் கண்ணுல படுறது வந்தான்தான, அது 'வா'வுல இருந்து வந்துச்சுனு தெரிஞ்சா அவன் ஏன் உங்ககிட்ட வரப்போறான்?

இன்னொரு கோவமும் இருக்கு. 'பைய'னா மெதுவானு அர்த்தம், அது பக்கத்துல 'கொச்சை'னு போட்டிருக்கீங்க. எங்க திருநெல்வேலி பக்கம் "பைய வா"னுதான் சொல்லுவோம், குறள்லயும் (1098) அதே 'பைய' இருக்கு. வட்டார வழக்குனு போடுங்க, சரி. கொச்சைங்குறது யாரு முடிவு பண்ணது?

முதல்ல 'படி'ய மட்டும் பிரிச்சுப் போட்டு அப்டேட் விடுங்க. அக்கா பொண்ணுகிட்டயே குடுத்து செக் பண்ணி சொல்றேன்.