வைகாசி வெயிலும் உன்ர மல்லிகைச் சாடியும்

என்ர பிள்ளைக்கு,

நீ கனடாவிலயிருந்து அனுப்பின படங்கள் பாத்தனாங்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொண்டாப் பெருப்பிச்சுப் பாத்தவா. மல்லிகைச் சாடியில இலை நல்ல கரும்பச்சையா வடிவாத்தான் இருக்கு, ஆனா ஒரு மொட்டைக் காணேல்ல. இஞ்ச வேலியோரம் முழுக்கப் பூத்துக் கிடக்கெண்டு அம்மா சொல்லேக்க உன்ர முகம் வாடினதைக் கண்டனான். போனில கதைக்கேக்க பேரன் வந்து பறிச்சுக்கொண்டு ஓடிட்டான், சொல்ல வந்ததெல்லாம் பாதியில நிண்டுபோச்சு, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன், மருமகனுக்கும் வாசிச்சுக் காட்டு.

இந்தக் காலத்தில இஞ்ச எப்பிடியெண்டு உனக்குத் தெரியுந்தானே. சித்திரை வருசம் பிறக்கிற நாளையில சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில வந்து நிக்கும், மத்தியானம் முத்தத்தில நிண்டா நிழல் காலடிக்குள்ளயே கிடக்கும். மழை எங்களுக்கு ஐப்பசி, காத்திகை, மார்கழியோட சரி, பிறகு சித்திரையில பின்னேர இடிமழை ஒண்டு ரெண்டு பெய்தா அது கொடுப்பினை. வைகாசியில தென்மேற்கால வீசுற சோளகக் காத்தும் தொடங்கிவிடும், செம்மண் தூசி எல்லா இலையிலயும் படியும். ஆனா வளவு இப்பதான் பிள்ளை நிறைஞ்சு நிக்குது. முன்வேலியில போகன்விலா, கிணத்தடியில செவ்வரத்தையும் நந்தியாவட்டையும், மதிலோரம் அலரி, படலையடியில எக்சோரா, சாடியில அடினியம், ஆரும் நடாத இடமெல்லாம் பட்டிப்பூ. றோட்டுக்கு இறங்கினா கொன்றை மஞ்சளாத் தொங்குது.

மல்லிகையைப் பற்றித்தான் முதல் சொல்லோணும். பின்னேரம் அஞ்சு மணி போல போய்ப் பாத்தா மொட்டு இன்னும் மூடித்தான் இருக்கும், ஆனா பச்சை முழுக்கப் போய் வெள்ளை ஆகியிருக்கும், காம்பு கொஞ்சம் நீண்டிருக்கும், அந்த மொட்டுத்தான் அண்டைக்கு இரவு விரியப் போறது. அடியில பிடிச்சு நகத்தால லேசாத் தட்டினாலே கையில வந்திடும். பச்சை பிடிச்சிருக்கிற மொட்டு நாளைக்கோ நாளையிண்டைக்கோ, அதை அம்மா தொடவும் விடமாட்டா. பொழுதுபடேக்க சாமித்தட்டில வைச்சா, விளக்கு வைச்சு முடியமுதல் விறாந்தை முழுக்க வாசம். இவ்வளவு பூ வாறதுக்குக் காரணம் தண்ணியோ பசளையோ இல்லை, வெட்டுத்தான். மல்லிகை புதுத்தளிரின்ர நுனியிலதான் மொட்டு வைக்கும், பழைய தடியில வைக்காது. அதால நான் தையில மழை ஓய்ஞ்ச கையோட நல்லா ஒட்ட வெட்டி விட்டிடுவன், பாக்கிற ஆக்கள் பாவம் எண்டு சொல்லுவினம், பங்குனியில தளிர் வந்து சித்திரையில பூ தொடங்கிவிடும்.

உன்ர சாடியில இலை கரும்பச்சையாக் கொழுத்து நிக்கிறதைப் பாத்தா எனக்கு ஒரு யோசினை, புல்லுக்குப் போடுற பசளையை அதுக்கும் போட்டனியோ? அதில நைதரசன்தான் கூட, இலை தள்ளும், பூ வராது. அதை நிப்பாட்டிப்போட்டு பூக்கண்டுக்கெண்டு விக்கிற பசளை, பொட்டாசியம் கூடினது, கொஞ்சமாப் போடு. ஒவ்வொரு தடியிலயும் மூண்டில ஒரு பங்கு நுனியை இப்பவே வெட்டு, பயப்பிடாத. வெட்டிப்போட்டு நல்ல வெயில் விழுற இடத்தில வை, உங்கட வீட்டில அது பின்பக்கத்துத் தெற்குச் சுவரடிதான் எண்டு நினைக்கிறன். உங்க ஆனி மாசத்தில 15 மணித்தியாலத்துக்கு மேல பகல், இஞ்ச 12க்குக் கொஞ்சம் கூடத்தான், அப்ப வெயிலுக்குக் குறைவில்லை.

போகன்விலா இன்னொரு மாதிரி. அந்த ஊதா நிறத்தில பூ எண்டு நாங்கள் சொல்லுறது உண்மையில இலைதான், கிட்டப்போய்ப் பார், நடுவில சின்னனா வெள்ளையா மூண்டு குழல் இருக்கும், அதுதான் பூ. அதுக்குத் தண்ணி கூடினா இலையாத் தள்ளும், காயவிட்டாத்தான் நிறம் பிடிக்கும். அதால இஞ்ச அதுக்கு வாளி தூக்கிறதே இல்லை. தண்ணியை நாங்கள் பாத்துத்தான் செலவழிக்கோணும் பிள்ளை, ஆறில்லாத ஊர் இது, எல்லாம் கிணறுதான், சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கின மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, அளவுக்கு மேல இறைச்சா கீழ இருக்கிற உப்பு மேல வந்திடும். புத்தூர் நிலாவரைக் கிணறு நீ பள்ளிக்கூடத்தோட போய்ப் பாத்தனி எல்லோ, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு, அதே கதைதான். நான் விடிய வெயில் ஏறமுதல் ஒருக்கா, வேருக்கு மட்டும், அதோட சரி. அடியில தேங்காய்ப் பொச்சுமட்டை தாட்டு மேல காய்ஞ்ச குழை போட்டிருக்கிறன், அது ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

95 ஐப்பசியில சண்டையால இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போகேக்க நீ சின்னன், என்ர தோளில நித்திரை. 96 சித்திரையில திரும்பி வரேக்க வீட்டுக் கூரையில பாதி ஓடு இல்லை, கதவு நிலையும் இல்லை. அம்மா ஆசையா வைச்ச ரோசா எல்லாம் பட்டுப்போச்சு, குரோட்டன் எல்லாம் காய்ஞ்சு தடியா நிண்டது. ஆனா மதிலோர அலரி பூத்துச் சொரிஞ்சுகொண்டு நிண்டது, செவ்வரத்தை பூத்தது, இந்த மல்லிகையும் வேலிக்கு மேலால ஏறி வெள்ளையாக் கிடந்தது. நாங்கள் போன ஐப்பசிக்குப் பிறகு ஆரும் ஒரு வாளி தண்ணி ஊத்தேல்ல. அம்மா அதைப் பிடிச்சுக்கொண்டு அழுதவா. அண்டைக்கு நான் முடிவெடுத்தனான், இந்த மண்ணில தானா நிக்கக் கூடியதைத்தான் நிலத்தில நடுறது, மற்றதுக்குச் சாடி. இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான்.

உனக்கும் அதைத்தான் சொல்லுறன். உங்க நிலத்தில அந்தக் குளிரைத் தாங்கிறதை நடு. போன கிழமை காட்டினியே லைலக், அந்த வாசம் எனக்குத் தெரியாது, ஆனா அந்த மரத்துக்குப் பனிக்குளிர் பட்டாத்தான் மொட்டு விரியும், இஞ்ச கொண்டுவந்து வைச்சா எவ்வளவு பாத்தாலும் பூக்காது. பூ முடிஞ்ச உடன வெட்டிறதெண்டா வெட்டு, பிந்தி வெட்டாத, அது வருற வருசத்து மொட்டை இந்தக் கோடையிலயே வைச்சிடும், வருற வருசம் அந்தப் பழைய தடியிலதான் பூக்கும், மல்லிகைக்கு நேர் எதிர். பியோனி மொட்டில எறும்பு ஊருதெண்டு மருந்தடிக்கப் போறன் எண்டாய், வேண்டாம். மொட்டுக்கு வெளியில சுரக்கிற தேனைக் குடிக்கத்தான் அது வருது, பூவுக்கு ஒண்டும் செய்யாது. செவ்வரத்தை ஆசையெண்டா ரோஸ் ஒஃப் ஷாரன் எண்டு ஒண்டு விக்கும், அதுவும் செவ்வரத்தைச் சாதிதான், உங்கட குளிருக்கு நிக்கும், ஆடி ஆவணியில பூக்கும். பட்டிப்பூவை உங்க வின்கா எண்டு விக்கிறாங்கள், கோடை முழுக்கப் பூக்கும், குளிரோட போயிடும். எங்கட வேலியடியில மாடும் தின்னாமக் கிடக்கிற அந்தச் செடியிலயிருந்துதான் பிள்ளையளின்ர ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற வின்கிறிஸ்ரின் மருந்து எடுக்கிறவை, அதால எனக்கு அதைப் பிடுங்கி எறிய மனம் வாறேல்ல. பேரனுக்குச் சொல்லு, இலை பூ ஒண்டையும் வாயில வைக்கக் கூடாது எண்டு.

மல்லிகைக்கு மட்டும் உன்ர கை வேணும். ராக்குளிர் 10 பாகைக்குக் கீழ இறங்கமுதல், புரட்டாசி நடுப்பகுதியிலயே, சாடியை உள்ளுக்கு எடு, ஹீட்டருக்குப் பக்கத்தில வைக்காத, தெற்கு யன்னலடியில வை, தண்ணியைக் குறை. பங்குனியில ஒட்ட வெட்டு. திரும்ப வெளியில வைக்கேக்க முதல் ஒரு கிழமை நிழலில, பிறகுதான் வெயிலில, இல்லாட்டி இலை எரிஞ்சிடும். அம்மா வரேக்க எங்கட மல்லிகையில தடி வெட்டிக் கொண்டுவரப் போறன் எண்டு நிக்கிறா, பத்திரமில்லாம கனடாவுக்குள்ள விடமாட்டாங்கள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன், நீயும் ஒருக்காச் சொல்லு, நான் சொன்னாக் கேக்கிறா இல்லை.

வெட்டி ஒரு மாசத்துக்குள்ள தளிர் நுனியைப் பார். மொட்டு கண்ட உடன படம் அனுப்பு, இஞ்ச இரவெண்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு: கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை கொப்பு முறியக் காய்ச்சிருக்கு, ஆனிக்குள்ள பழுத்திடும். லீவு கிடைச்சா அதுக்குள்ள வரப் பாருங்கோ எண்டு மருமகனிட்டயும் சொல்லு.