கூடுதல் பின்விளக்கு: பொருத்தும் முறையில் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரவில் மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் ஒற்றைச் சிவப்பு விளக்குதான். பல்பு போய்விட்டால் அதுவும் இல்லை என்பதால், கூடுதல் பின்விளக்கு பொருத்திக்கொள்வது வரவேற்கத்தக்கதே. எல்.இ.டி. பிரேக் விளக்கு, இழை பல்பைவிட ஏறத்தாழ 0.2 விநாடி முன்னதாக முழு ஒளி பெறுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அது 3 மீட்டருக்கும் அதிகமான தூரம்.

பொருத்தும் முறைதான் கவலை தருகிறது. பழைய ஒயரின் உறையைச் சுரண்டி, புதிய ஒயரை அதில் முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுகிறார்கள். மட்கார்டின் அடியில் தெறிக்கும் சேற்றுநீர் டேப்பின் பசையை இளக்கி உள்ளே இறங்க, செம்புக் கம்பி பச்சை பூத்து, ஒருநாள் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும்போது, ஏற்கெனவே இருந்த விளக்கும் சேர்ந்தே அணைந்துவிடுகிறது. தனி ஃபியூஸ் வைத்து, இணைப்புகளைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினால் இந்தத் தொல்லை வராது. முன் பிரேக், பின் பிரேக் இரண்டுக்கும் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

நீலத்திலும் வெள்ளையிலும் மின்னுபவை (அழகுக்கென்றே விற்கப்படுபவை) பின்வருபவரைக் குழப்பவே உதவும். இண்டிகேட்டரை ஒட்டி அதிகப் பிரகாசமான விளக்கைப் பொருத்தினால், திரும்புவதற்கான சைகையே கண்ணில் படாது. விளக்குடன் ஃபியூஸ் வைத்த ஒயரையும் பொருத்தும் முறையை விளக்கும் படத்தையும் தயாரிப்பாளர்களே சேர்த்துத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்